ஆஸ்பிரின் கேட்டவரும் ஆஸ்பிரினை விட்டவரும்

மருந்து விற்பது சுலபம். கேட்ட மருந்தை விற்காமல் அனுப்பிவிட்டு, அதே ஆளை மறுபடி கடைக்கு வரவழைப்பதுதான் எங்கள் தொழிலில் கஷ்டம். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லிட்டில் இந்தியாவில், தேக்கா மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மருந்துக்கடை. அங்கே இருபத்திரண்டு வருஷமாக நான் மருந்தாளர். நான்கு வருஷம் படித்து, பயிற்சி முடித்து, வாங்கிய சான்றிதழை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதற்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் எல்லாரும் என்னை 'மிஸ்ஸி' என்று கூப்பிடுகிறார்கள். இந்த ஊரில் மிஸ்ஸி என்றால் நர்ஸ். நர்ஸ் வேலை உயர்ந்த வேலை, மறுக்கவில்லை. ஆனால் என் வேலை வேறு.

இந்த வேலையில் எனக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வம் ஒரு தடவை ஒருவர் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

எஸ்ஸா, நோவா?

சுகர் இருப்பவர்கள் தினம் ஒரு சின்ன ஆஸ்பிரின் போடலாமா? எங்கள் கடையில் இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. ஒரு நாள் காத்தோங்கிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது, சுகர் வந்து ஆறு மாதம். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். தினம் ஒன்று போட்டால் மாரடைப்பு கிட்டவே வராது என்று யாரோ அனுப்பிய செய்தி. அனுப்பியவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் நிதானமாக விளக்கினேன். ஆஸ்பிரின் ரத்தம் கட்டிப்போகாமல் தடுக்கும். இதயக் குழாயில் அது நல்லது; வயிற்றில் புண் இருந்தால் அங்கே ரத்தம் நிற்காது. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கும், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் அதனால் பெரிய நன்மை. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. இதயத்துக்கு ஒன்றும் ஆகாத சுகர்காரர்களுக்கோ நன்மை கொஞ்சம்தான், ரத்தக்கசிவு பயமும் கூடவே வரும். அதனால் சுகர் என்ற ஒரே காரணத்துக்காக எல்லாருக்கும் கொடுப்பதில்லை. வயது, பிரஷர், கொலஸ்ட்ரால், சிகரெட், வயிறு எல்லாம் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பத்து நிமிஷம் பேசியிருப்பேன். பின்னால் வரிசை வாசல்வரை போய்விட்டது. அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் ஓகே லா மிஸ்ஸி. இப்ப எஸ்ஸா, நோவா?"

இரவல் மாத்திரை

இப்படி நாலு பேரிடம் அடிபட்ட பிறகு சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சரோஜா அக்கா எதிர்வரிசை அஞ்சடி நடைபாதையில் பூக்கடை வைத்திருப்பவர். பன்னிரண்டு வருஷமாகச் சுகர். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. ஒரு காலை வேளை வந்து ஒரு அட்டை ஆஸ்பிரின் கேட்டார். யார் எழுதிக்கொடுத்தது என்றேன். யாரும் இல்லையாம். பூக்கடைக்குப் பின்னால் துணிக்கடை வைத்திருக்கும் ஹாஜா பாயும் சுகர்காரர். பத்து மணிக்கு இருவரும் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் டீ வாங்கி வைத்துக்கொண்டு உட்காருவார்கள். பாய் தன் அட்டையிலிருந்து தனக்கு ஒரு மாத்திரை பிய்ப்பார், அக்காவுக்கும் ஒன்று பிய்த்து நீட்டுவார். பக்கத்தில் இருப்பவரை விட்டுவிட்டுத் தனியாக வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது; அது முறுக்கோடு நின்றால் பரவாயில்லை. ஆறு மாதமாக இப்படி வாங்கிக்கொண்டிருந்த அக்காவுக்குக் கூச்சம் வந்து, சொந்தமாக வாங்க வந்திருக்கிறார்.

முட்டிவலிக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றேன். வேறொரு கடையில் வாங்கிய வலி மாத்திரை, தினம் இரண்டு. ஆஸ்பிரினும் அதுவும் சேர்ந்தால் வயிறு தாங்காது. மலம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். அக்கா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மூன்று நாளாகத் தார் மாதிரி கறுப்பு என்றார். உள்ளே ரத்தம் கசிகிறது என்று சொல்லி, அவர் சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து, டாக்ஸி பிடித்து, அவர் மகளுக்கும் போன் செய்து, ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன். டாக்ஸிக் கண்ணாடியை இறக்கி அக்கா சொன்னார்: "ஒரு அட்டை மாத்திரை கேட்டா டாக்ஸி புடிச்சுக் குடுக்கறீங்க. நல்ல கடை லா இது."

வெள்ளிக்கிழமை மல்லிகை

வயிற்றில் புண், அதில் ரத்தக்கசிவு. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அன்றைக்கே வந்தது நல்லதாயிற்று என்று டாக்டர் சொன்னாராம். அக்கா திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஒரு முழம் மல்லிகையை என் கவுண்டரில் வைத்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வைத்தார். "இனிமேல் உங்களுக்கு ஆஸ்பிரின் வேண்டாம் அக்கா" என்றேன். சுருக்கமாக, தெளிவாக. யார் விடக்கூடாது என்ற மறுபாதியை நான் சொல்லவே இல்லை. அவருக்கு அது எதற்கு என்று நினைத்தேன்.

அக்கா சும்மா இருப்பவரா? சுகர்காரர்கள் ஆஸ்பிரினைத் தொடவே கூடாது, மிஸ்ஸி சொன்னார் என்று தெரு முழுக்கப் பரப்பிவிட்டார். காய்கறிக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடையில் என்னோடு வேலை செய்யும் நோர்லியா மலாய்க்காரப் பெண். வாடிக்கையாளர்களிடமே தமிழ் கற்றவள். மல்லிகையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் நடந்த நடையைப் பார்த்து அவள் சொன்னாள்: "அக்கா, தலை சீலிங்ல முட்டுது லா. பார்த்து."

பாய் வாங்காத அட்டை

அடுத்த மாதம் ஹாஜா பாய் வந்தார். சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினார். வழக்கமாக ஆஸ்பிரினும் வாங்குவார், இரண்டு அட்டை. ஒருவருக்கு ஒரு மாதத்துக்கு ஒரு அட்டை போதுமே, இரண்டு எதற்கு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஊரையே கேள்வி கேட்கும் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. கூப்பிட்டு, ஆஸ்பிரின் எங்கே பாய் என்றேன். நிறுத்தி ஒன்பது நாளாகிறது என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர் அவர். அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த மாத்திரை. நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் ஏதாவது உண்டா என்று கேட்டேன், நல்லவேளை, இல்லை. சரோஜா அக்கா கதை வேறு, உங்கள் கதை வேறு, நான் பாதிதான் சொன்னேன், தப்பு என்னுடையது என்று கெஞ்சினேன். அவருடைய இதய க்ளினிக்குக்குப் போன் போட்டேன். இன்றைக்கே மறுபடி ஆரம்பிக்கட்டும், நாளைக் காலையில் வரட்டும் என்றார் டாக்டர். மாத்திரையும் தண்ணீரும் முன்னால் வைத்தேன். பாய் தொடவில்லை. படித்த படிப்பெல்லாம் கொட்டிப் பேசினேன்; அசையவில்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அந்தப் புள்ள வயித்தைப் புண்ணாக்குனது என் கைதாம்மா. தெனம் டீயோட எடுத்து நானே நீட்டுனேன். அதே மாத்திரையை என் வாயில எப்படிப் போடறது?"

டீ மட்டும் பொது

நோர்லியாவைப் பூக்கடைக்கு ஓட விட்டேன். சரோஜா அக்கா விரலில் சுற்றிய நாரோடு அப்படியே வந்தார். நடந்ததைச் சொன்னேன், இந்தத் தடவை இரண்டு பாதியையும். அக்காவின் முகம் சிறுத்துப் போனது. தெருவெல்லாம் பரப்பியது அவரல்லவா. பாய் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறு மாதமாக அவர் கையிலிருந்து வாங்கியவர், இன்று மாத்திரையைத் தானே பிய்த்து அவர் உள்ளங்கையில் வைத்தார். பாய் நிமிர்ந்து பார்த்தார். விழுங்கினார். தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை அக்கா கண்ணை எடுக்கவில்லை. இந்தத் தெருவில் வேலை பார்ப்பதற்காக அன்று நான் பட்ட பெருமை அந்தச் சான்றிதழை வாங்கிய அன்றுகூடப் பட்டதில்லை. எழுந்திருக்கும்போது அக்கா சொன்னார்: "பாய், உங்க மாத்திரை உங்களுக்கு, என் மாத்திரை எனக்கு. டீ மட்டும் பொதுவா வெச்சுக்குவோம்."

வரிசையில் ஒரு குரல்

மறுநாள் க்ளினிக்கில் பாய்க்கு எல்லாம் சரியாக இருந்தது. அதன்பிறகு பரப்பிய அக்காவே திருத்தவும் கிளம்பினார். காய்கறிக்காரர்வரை போய் மறுபாதியைச் சொல்லிவிட்டு வந்தார். நானும் சுருக்கமாகப் பேசுவதை விட்டுவிட்டேன். ஆஸ்பிரின் என்று யார் வாயைத் திறந்தாலும், இதயத்தில் இதுவரை ஏதாவது நடந்திருக்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வி. போன வாரம் பூன் லேயிலிருந்து வந்த ஒருவர், ஒரு மாத்திரைக்கு இத்தனை விசாரணையா என்று சலித்துக்கொண்டார். நான் வாயைத் திறக்குமுன், அவருக்குப் பின்னால் ஒரே ஒரு அட்டை வாங்குவதற்காக நின்றிருந்த ஹாஜா பாய் அவர் தோளைத் தட்டிச் சொன்னார்: "கேக்கட்டும் தம்பி, பதில் சொல்லுங்க. இந்தத் தெருவுல ரெண்டு பேரு இவங்க கேட்ட கேள்வியாலதான் நடமாடறோம்."

ஆக, ஒருவருக்கு விற்காத அட்டையும் இன்னொருவரை விழுங்க வைத்த ஒரு மாத்திரையும்தான் இருபத்திரண்டு வருஷத்தில் என் பெரிய சாதனை. அதற்குக் கிடைத்த பதவி உயர்வு, முன்பு வெறும் மிஸ்ஸியாக இருந்த நான் இப்போது 'நம்ம மிஸ்ஸி'.