இரண்டு பேர் தூக்கும் வண்டி

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அப்போது புதிதாக வந்திருந்த நூறு சி.சி. பைக் ஒன்றை வாங்கியபோது, என் மனைவியின் தம்பி காசிம் பின்சக்கரத்தைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். "மச்சான், ஆட்டுக்குட்டி கணக்கால்லா இருக்கு!"

பெட்ரோல் அதிகம் குடிக்காது, சந்து பொந்தெல்லாம் நுழையும். அருமையான வண்டிதான். ஆனால் அது லேசாக இருந்ததே எங்களுக்குத் திமிராகிவிட்டது. பைகளைக் கொடுக்கச் செம்பூர் போகும்போது சுனாபட்டி ரயில்வே கேட் மூடியிருந்தால் காத்திருக்க மாட்டோம். சற்றுத் தள்ளிப் போய், ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தண்டவாளத்தின் மேலாக வண்டியைத் தூக்கிக் கடந்துவிடுவோம்.

அன்று மத்தியானமும் கேட் மூடியிருந்தது. பின்னால் பை மூட்டை கட்டியிருந்தோம்.

"மூட்டைய அவுத்துருவமா மச்சான்?" என்று காசிம் கேட்டான்.

"வேண்டாம்லே, திரும்பக் கட்ட நேரமாவும். தூக்கு" என்றேன்.

முன்சக்கரம் தாண்டியது. மூட்டையின் கனத்தில் பின்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவே இறங்கிவிட்டது. அப்போது ரயில் ஹாரன் கேட்டது.

"கைய விட்டுராதீய மச்சான்!" என்று கத்தினான்.

நான் விட்டுவிட்டுக் குதித்தேன். வண்டி அவன் மேல் சாய்ந்தது. உடம்பை வெளியே இழுத்துக்கொண்டான். இடது பாதத்தை இழுப்பதற்குள் ரயில் அதன் மேல் ஏறிவிட்டது.

இப்போதெல்லாம் கேட் திறக்கும்வரை எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கிறேன். காசிம் பட்டறையில் உட்கார்ந்து பை தைக்கிறான். நான் திரும்பியதும், "கேட் மூடியிருந்துச்சா மச்சான்?" என்று தினமும் கேட்கிறான். ஏன் கையை விட்டேன் என்று மட்டும் இதுவரை கேட்கவில்லை.