தகரம் பேசிய காலை

அம்பிட்டியவில் ஒலிப் பட்டறை. ஒரு தகரத் துண்டில் மைக்கை ஒட்டிக் கட்டையால் தட்டினேன். ஒலிபெருக்கியில் இடி விழுந்தது.

"காதக் குத்துது அக்கா. கம்ப்யூட்டர்ல கொஞ்சம் மென்மையாக்குவமா?" என்றான் என் குழுவில் இருந்த தம்பி.

குத்தத்தான் வேண்டும். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில், காம்பரா என்னும் ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயம் முழுவதற்கும் ஒரே தகரக் கூரை. விடியற்காலையில் தப்படித்தால் எல்லாரும் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி வரிசையில் நிற்க வேண்டும். என் சின்ன வயதில் ஒருநாள், காய்ச்சலில் கிடந்த பக்கத்துக் காம்பரா அக்காவையும் எழுப்பச் சொல்லிக் கங்காணி வாசலில் நின்று கத்தினார். அம்மா விறகுக் கட்டையால் கூரையை இடித்தாள். அடுத்த காம்பராவிலும் இடித்தார்கள், அதற்கடுத்ததிலும். லயமே அதிர்ந்தது.

"நிப்பாட்டுங்கடி!"

"அவ வரமாட்டா. அவளுக்கும் பேர் போடுங்க, நிப்பாட்டுறோம்," என்றாள் அம்மா.

பேர் போட்டால் அன்று வேலை செய்ததாகக் கணக்கு. படுத்துக்கொண்டே அக்கா அன்று பேர் வாங்கினாள்.

நான் சத்தத்தை இன்னும் கூட்டினேன்.

"கேக்காத காதுக்கு அடிச்ச சத்தம் தம்பி இது. மெதுவா அடிச்சா வெறும் தகரந்தான்."