மழையை மட்டும் பதிந்த லொறி

புயல்களை ஆராய வந்த அந்த லொறியை நான்தான் ஓட்டினேன். முதுகில் ஒரு பெரிய வட்டத் தட்டு. ராடார். மழை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கும். குருநகர்க் கரையில் அதை நிறுத்திய அன்று, வெறும் வாயை மெல்லுகிற எங்கள் ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது. "உதிலை எத்தினை டிவி சனல் வரும்?" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்டான். வேலை ஓட்டுவது மட்டும்தான். வெளிநாட்டு ஆராய்ச்சியாளருக்கு மொழிபெயர்த்தது ஓசி.

அந்த மாரிக்காலத்தில் ஒரு பின்னேரம் கடற்பக்கம் திடீரென்று கறுத்தது. என் அத்தான், அக்காவின் கணவர், தனியாக வள்ளத்தில் போயிருந்தார். கரைக்கு வரச்சொல்லி அக்கா அவரைப் போனில் கூப்பிட்டாள். "வலையை எடுத்துப்போட்டு வாறன்" என்றார். அதோடு சரி. காற்று அடங்கியதும் ஊரே தேடியது. வள்ளமும் இல்லை, ஆளும் இல்லை.

இனி அவர் இல்லை, ஆத்தும இளைப்பாற்றிப் பூசை வைப்போம் என்றார் அத்தானின் தாய். அக்கா சம்மதிக்கவில்லை. அவர் உயிரோடு வருவார் என்று நம்பி அல்ல. அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: வலையை விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினாரா, அல்லது வலையோடு மல்லுக்கட்டியே போனாரா. அதைத் தெரிந்து என்ன செய்யப்போகிறாய் என்று நான் கத்தினேன். பிறகு வண்டி ஓட்டும்போதெல்லாம் நானும் அதையேதான் யோசித்தேன்.

ஒரு காலை லொறியடிக்கு வந்தாள். "தம்பி, அண்டைக்கும் உது சுத்தினதுதானே? எங்கடை வள்ளம் தெரியுதோ, எந்தப் பக்கம் போனது எண்டு கேள்."

ஆராய்ச்சியாளர் அன்றைய படத்தைத் திரையில் போட்டார். சிவப்பும் மஞ்சளுமாக மழை. பார்க்க வடிவாக இருந்தது. வள்ளமும் ஒரு புள்ளியாக விழுந்திருக்கக்கூடும் என்றார். ஆனால் அலை, பறவை, வள்ளம் என்று மழையல்லாத எல்லாவற்றையும் இயந்திரமே அழித்துவிட்டுத்தான் பதியுமாம். அழிந்ததைத் திருப்பி எடுக்க முடியாது. அந்த மனிதர் அக்காவைப் பார்க்காமல்தான் இதைச் சொன்னார்.

ஒன்றும் மறைக்காமல் தமிழில் சொன்னேன்.

"மழையை மட்டும் வைச்சிருந்து என்ன செய்யப்போகினம்?" என்று கேட்டாள் அக்கா.

இப்படிப்பட்ட புயல் எப்படி உருவாகிறது என்று விளங்கினால், இனி வள்ளங்களை நேரத்தோடு கூப்பிடலாம் என்றார் ஆராய்ச்சியாளர். அதையும் சொன்னேன்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நானும் கூப்பிட்டனான்தானே. இனிக் கூப்பிடேக்கை, வலையை வெட்டிப்போட்டு வரச்சொல்லிக் கூப்பிடட்டாம் எண்டு சொல்லு" என்றாள்.

பூசைக்கு அக்கா சம்மதித்தாள்; அந்த வெள்ளிக்கிழமையே அத்தானுக்கு ஒப்புக்கொடுத்தோம். சவப்பெட்டி இல்லாததால் எதைப் பிடித்து அழுவதென்று அக்காவுக்குத் தெரியவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.