கம்பியைப் பிடித்துக்கொண்டு படித்த பாடம்

போன வருடம் கடலோரக் காலாப்பட்டில் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எனக்கு வீடு முத்தியால்பேட்டை. வீட்டில் அண்ணன் புத்தகத்தைத் திறந்தால் டிவி சத்தம் குறையும். நான் திறந்தால் குக்கர் விசிலைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். அதனால் என் படிப்பெல்லாம் பஸ்ஸில்தான்.

அதுவும் உட்கார்ந்து இல்லை. ஒரு கை கம்பியில், ஒரு கை பையில். புத்தகத்தை எங்கே பிடிப்பது? கூட வரும் வகுப்புத் தோழியும் நானும் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒருத்தி பாடத்தை வாயால் சொல்ல வேண்டும், மற்றவள் "ஏன்?" என்று குடைய வேண்டும். பதில் வரும்வரை விடமாட்டோம். கண்டக்டரே ஒருநாள், "ஏம்மா, சண்டைய எறங்கிப் போய்ப் போட்டுக்குங்க" என்றார்.

வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவன் ஒருவன் இருந்தான். பைக்கில் வருவான், லைப்ரரியே கதியென்று கிடப்பான். "பொண்ணுங்க மார்க்கெல்லாம் வெறும் மனப்பாடம்ப்பா" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் சென்னை ஆய்வுக்கூடம் ஒன்றில் கோடைப் பயிற்சிக்கு எங்கள் துறைக்கு ஒரே ஓர் இடம் வந்தது. அதற்கு நான் ஏங்கிய ஏக்கம் எனக்குத்தான் தெரியும். எங்கள் துறைத் தலைவர் மேடம் எழுத்துத் தேர்வு வைக்கவில்லை. எல்லாரையும் உட்காரவைத்து வாய்மொழியாகவே கேட்டார்.

கடைசியில் அவனும் நானும் மிஞ்சினோம். கேள்வி, துருவைப் பற்றி. அவன் கடகடவென்று புத்தகத்தில் இருப்பதை ஒப்பித்தான். "சரி, விழுப்புரத்தவிட இங்க ஏன் சீக்கிரமா துரு பிடிக்குது?" என்றார் மேடம். அவன் அதே வரிகளை இன்னொரு தடவை ஒப்பித்தான்.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கடல்காற்றில் துருவேறிக் கையில் ஒட்டும் எங்கள் பஸ் ஜன்னல் கம்பியைக் காட்டி, தோழி என்னைக் குடைந்த அதே கேள்வி. உப்பு கலந்த ஈரத்தில் மின்னோட்டம் சுலபமாகப் போகும், அதனால் துரு வேகமாக ஏறும் என்பதில் ஆரம்பித்து, மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"இதெல்லாம் எங்கேம்மா படிச்சே?"

"பஸ்ஸுல, மேடம்."

இடம் எனக்குத்தான். தோழி போட்ட விசிலில் மேடமே சிரித்துவிட்டார்.

மறுவாரம் அவன் பைக்கை விட்டுவிட்டு எங்கள் பஸ்ஸில் ஏறினான். வழியில் காலியான ஒரு சீட்டில் உட்காரப் போனவனை, "எழுந்திரிப்பா, இங்க நின்னாத்தான் படிப்பு" என்று கிளப்பிவிட்டோம். பாவம், காலாப்பட்டு வரை நின்றான்.

இன்றும் பெண்கள் படிப்பு வெறும் மனப்பாடம் என்று யாராவது ஆரம்பித்தால் நான் கோபப்படுவதில்லை, "ஏன்?" என்று மட்டும் கேட்கிறேன், பதில் வரும்வரை விடுவதில்லை.