கழற்றி வைத்த மூன்று வருஷம்

பட்டறையில் அவருக்கு 'அரம்' என்று பட்டப்பெயர். பேச்சும் அப்படி, வேலையும் அப்படி. முப்பத்தெட்டு வருஷம் லேத்தில் நின்றவர். கடைந்த உருளையை விரலால் ஒரு தடவு தடவி, நூலளவு கூடுதல் குறைவைச் சொல்லிவிடுவார். அதில் பொய்யில்லை. கைக்குத் தெரிந்ததெல்லாம் வாய்க்கும் தெரியும் என்று நினைத்தாரே, அங்கேதான் மனுஷர் சறுக்கினார்.

அவர் மனைவி நெசவு ஆலையில் இருபத்தாறு வருஷம் தறி ஓட்டியவள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்தே பெண்கள் ஊர்க்கதை முழுக்கப் பேசி முடித்துவிடுவார்கள். ஓய்வுபெற்று வந்தபோது அவளுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. ஆனால் கணவன் முணுமுணுக்கிற திட்டுக்குக்கூட அடுப்படியிலிருந்து பதில் வரும். "முதுகைத் திருப்பிட்டுத் திட்டுங்க, அப்பத்தான் தப்பிக்கலாம்" என்பாள்.

அறுபத்து மூன்றாவது வயதில் அவருடைய பற்கள் எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதாயிற்று. பல் டாக்டரம்மா மேலும் கீழும் பல்செட்டு மாட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார், மனைவி அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல உறுத்தும், பேச்சு குழறும். தினமும் சத்தமாப் பேப்பர் படிங்க. புண்ணாச்சுன்னா இங்க வாங்க, நான் தேய்ச்சுத் தரேன். நீங்களா கை வைக்காதீங்க. ஒரு மாசம் பொறுத்தா பழகிடும்."

"பொருந்தினா சரி, இல்லைன்னா ரிஜெக்ட். பழக்குறதுக்கு இது என்ன நாய்க்குட்டியா?" என்றார் அரம்.

மூன்றாம் நாள் கீழ் ஈறு புண்ணானது. மகள் ஆட்டோ பிடிக்கப் போனாள். அவள் திரும்புவதற்குள் இவர் பெட்டியிலிருந்து தன் நைஸ் அரத்தை எடுத்துக் கீழ்ச் செட்டை ராவித் தள்ளிவிட்டார். உறுத்தல் போயிற்று, கூடவே பிடிமானமும் போயிற்று. வாயைத் திறந்தால் செட்டு எழுந்து நின்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, செய்தவருக்கு வேலை தெரியவில்லை என்று வேறொரு டாக்டரிடம் போனார். அங்கே அரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. புதுச் செட்டு வந்தது. அதையும் ராவினார். கடைசியில் இரண்டையும் அலமாரியில் போட்டுவிட்டு, "குழைய வேகவெச்சா எதுக்குப் பல்லு?" என்றார்.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். அவர் பேச்சு அவர் காதுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. உதடு உள்ளே மடங்கிய அந்த வாயில் மனைவிக்குத்தான் எதுவும் பிடிபடவில்லை. முதலில் "என்ன, என்ன?" என்றாள். எரிந்து விழுந்தார். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். வயதாக ஆக அவளுக்குப் பேச்சு குறைந்துவிட்டது என்று பாவி மனுஷர் மூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் அவளுடைய தம்பி இறந்துபோன செய்தி போனில் வந்தது. அவள் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பி, விஷயத்தைச் சொன்னார். அவள் சிரித்தபடி தலையாட்டிவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டாள்.

மகள்தான் போய்ச் சொன்னாள், அதன்பிறகே அழுகுரல் கேட்டது.

"அம்மாவுக்கு உங்க வாய் புரியலப்பா. ரொம்ப நாளாவே புரியல."

"நீ ஏன் சொல்லல?"

"எத்தனை தடவை சொல்ல வந்தேன்? பல்லுன்னு ஆரம்பிச்சாலே எந்திரிச்சுப் போயிடுவீங்களே!"

முதல் டாக்டரம்மாவிடமே போனார். அரம் போட்டதை ஒப்புக்கொண்டார். "இப்ப ஈறு இன்னும் தேஞ்சிருக்கு. முன்னைவிடக் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார் டாக்டரம்மா, புதுச் செட்டை மாட்டிவிட்டு. இருந்தது. நாலு தடவை புண்ணோடு போய் வாயைத் திறந்து காட்டினார். கொல்லைப்புறம் நின்று சத்தமாகப் பேப்பர் படித்தார். நாற்பதாவது நாள் மனைவி எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் பேசுறது தெரியுதா?"

அவள் அவர் உதட்டையே வெகுநேரம் பார்த்தாள். "தெரியுது" என்றாள். பிறகு, "என் மேல என்ன கோவம் உங்களுக்கு?"

"கோவமா? எனக்கா?"

"டாக்டரம்மா ஒரு மாசம்தான் பொறுக்கச் சொன்னாங்க. எனக்காக அந்த ஒரு மாசம் பொறுக்க மாட்டேன்னுட்டீங்க. என்கூடப் பேச இஷ்டமில்லைன்னு நெனச்சுக்கிட்டேன். என்ன தப்பு பண்ணினேன்னு மூணு வருஷம் யோசிச்சேன்."

"இல்லம்மா. அப்படியெல்லாம் இல்லம்மா." ஒவ்வொரு எழுத்தாக, தெளிவாகச் சொன்னார்.

"புரியுது" என்றாள் அவள். "நம்பத்தான் முடியல."