ஸ்கிரீனில் பிடிபட்ட விரதம்

இரண்டு வருஷத்துக்கு முன், கண்டியில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஐப்பசி மாதத்தில் இது நடந்தது. என் கணவர் கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு லொறி ஓட்டுகிறவர். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, நெஞ்சைத் திறந்து மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒப்பரேஷனுக்குச் சில நாட்கள் முன்பே வார்டில் சேர்த்தோம். நான் தினமும் பிளாஸ்கில் சூப்பும் டப்பாவில் சோறுமாக பஸ் ஏறுவேன். அடுத்த நாள் போனால் பிளாஸ்க் காலியாக இருக்கும். டப்பாவும் கழுவிக் கவிழ்த்திருக்கும். இந்த நிலைமையிலும் மனுஷன் வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறாரே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். முகம் மட்டும் வாடியிருந்தது. நெஞ்சைப் பிளக்கப் போகிறார்கள் என்றால் யார் முகம்தான் வாடாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒப்பரேஷன் அன்று காலை அவரைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் வெளியே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்திலேயே, மயக்க மருந்து கொடுக்கும் குழுவில் இருந்த டொக்டர் அம்மா ஒருவர் வெளியே வந்தார். பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"அம்மா, இவர் இந்த நாளெல்லாம் ஒழுங்காச் சாப்பிட்டு, தண்ணி குடிச்சவரோ?"

"நல்லா சாப்பிட்டாரு டொக்டர். நான்தானே கொண்டுபோய்க் குடுத்தேன். ஏன், என்னாச்சுங்க?"

"மயக்கம் குடுத்த உடன பிரஷர் விழுந்திட்டுது. இதயம் நிரம்பாமல் அடிக்குது எண்டு ஸ்கான் ஸ்கிரீனில தெரியுது. உள்ளுக்க எங்கையும் ரத்தம் கசியுதோ, இல்லாட்டி உடம்பு காய்ஞ்சு போச்சோ எண்டு பாக்கிறம். பயப்பிடாதேங்கோ, பாத்துப் பாத்துத்தான் சேலைன் குடுக்கிறம்."

அவர் உள்ளே போய்விட்டார். என் மனுஷனின் அந்த வாடின முகம்தான் கண்ணுக்குள் நின்றது. எழுந்து வார்டுக்கு ஓடினேன். அவருடைய கட்டிலுக்கு எதிர்க் கட்டிலில் முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருந்தார். என்னைக் கண்டதும் அவர் தலையைக் குனிந்தார்.

"தங்கச்சி, கோவப்பட வாணாம். அவர்ட சாப்பாட்டையும் சூப்பையும் நான்தான் முடிச்சேன். நோன்பு பிடிக்கிறேன், ஒருத்தர்ட்டயும் சொல்ல வாணாம் எண்டு சொன்னார். நோன்பாளிட பேச்ச எப்பிடி மீறுற?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கந்தசஷ்டி. ஆஸ்பத்திரி அலைச்சலில் அது தொடங்கியதையே நான் மறந்திருந்தேன். இரவில் ஒரு கோப்பைப் பால், அவ்வளவுதான் உள்ளே போயிருக்கிறது என்று பெரியவர் சொன்னார். ஆனால் உடம்பில் சேரும் நீரைச் சிறுநீராக வெளியேற்றக் கொடுத்த குளிசையை மட்டும் ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கியிருக்கிறார். என்ன கெட்டித்தனம் பாருங்கள்.

திரும்ப ஓடிப்போய்த் தியேட்டர் வாசலில் நின்ற நர்ஸ் மிஸ்ஸிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்து, "ரத்தக் கசிவு ஒண்ணும் இல்லையாம், நீங்க உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். அதன் பிறகு யாரும் வெளியே வரவில்லை. என் ஆயுளில் அவ்வளவு நீளமான பகல் ஒன்றை நான் கண்டதில்லை.

பின்னேரம் அந்த டொக்டர் அம்மா முகத்தில் சிரிப்போடு வந்தார். வால்வு மாற்றியாகிவிட்டது, இதயம் நன்றாக அடிக்கிறது என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"காய்ஞ்ச உடம்பு எண்டு ஒரேயடியா ஊத்தேலாது அம்மா. கூடினால் நுரையீரலில தேங்கும், குறைஞ்சால் சிறுநீரகம் கெடும். கொஞ்சம் குடுக்கிறது, இதயம் எப்பிடி நிரம்புது எண்டு பாக்கிறது, பிறகு கொஞ்சம். நீங்கள் வந்து சொன்னது பெரிய உதவி."

ரொட்டி மாவுக்குத் தண்ணீர் தெளிப்பது போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். பிசைகிற கை மாவை விட்டு விலகவே கூடாது. இவர்கள் அத்தனை நேரமும் என் மனுஷனின் இதயத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவர் வார்டுக்குத் திரும்பி, பேசத் தெம்பு வந்ததும் ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். "ஏன்யா இப்படிப் பண்ணுனீங்க?" என்று தொடங்கினேன்.

"டொக்டர்மாருக்குத் தெரிஞ்சா விடச் சொல்லிருவாங்க. நீ தனியா நின்னுருவியோன்னு பயமா இருந்துச்சு. முருகன்கிட்ட கேக்கிறதுக்கு எனக்கு வேற வழி தெரியல" என்றார்.

திட்டுவதை விட்டுவிட்டு, பிளாஸ்கைத் திறந்து சூப்பை ஊற்றி அவர் கையில் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் சஷ்டிக்கு அவருக்குப் பதிலாக நான் விரதம் பிடித்தேன். நான் பட்டினியாக இருக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கூச்சத்தோடு சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தார். அவர் தொண்டையில் அந்தத் தண்ணீர் இறங்குவதைப் பார்த்தபோது எனக்கு வந்த நிறைவு, எந்த விரதத்தை முடித்தும் வந்ததில்லை.