அப்பாவுக்கு லீவு கேட்ட குரல்கள்

எஸ்.டி.டி. பூத்தில் உட்காருகிறவளுக்குக் காது இருக்கலாம், வாய் இருக்கக் கூடாது. எனக்கு இரண்டுமே தேவைக்கு மேல். பிளஸ் டூ முடித்த கையோடு சிவகாசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பூத்தில் சேர்ந்தேன். அங்கே கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாது. காலண்டர் ஏஜென்ட் ஆர்டருக்குக் கெஞ்சுவது, லாரி ஆபீஸ்காரர் கிளம்பாத லோடைக் கிளம்பிவிட்டதாகப் புளுகுவது, எல்லாம் காதில் விழும். ஒரே வாரத்தில் அத்தனை பேர் குரலும் எனக்கு வந்துவிட்டது. குடிக்கிற அப்பா இருக்கும் வீட்டுப் பிள்ளைகளே, இந்தத் திறமை எதற்குப் பயன்பட்டிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

செத்தவர் தந்த காபி

அப்பா வேலுச்சாமி பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை குடித்தால் திங்கட்கிழமை எழுந்திருக்க மாட்டார். நான் பூத்திலிருந்து போர்மேனுக்குப் போன் போடுவேன். ஒரு வாரம் பக்கத்து வீட்டு அத்தை குரலில் வயிற்றுப்போக்கு, அடுத்த வாரம் கம்பவுண்டர் குரலில் காய்ச்சல். நோய்கள் தீர்ந்துபோன ஒரு திங்கட்கிழமை, அத்தை குரலில் மூக்கைச் சிந்திக்கொண்டே அம்மாவின் அண்ணனைச் சாகடித்துவிட்டேன்.

போர்மேன் நல்ல மனுஷர். அன்று சாயங்காலமே ரோஜா மாலையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். கதவைத் திறந்தது மாமாதான், கையில் சேவுப் பொட்டலத்தோடு. "வேலுச்சாமி மச்சினன் தவறிட்டாகன்னு..." என்று போர்மேன் இழுத்தார். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துபோனது. "நான்தான் சார் அந்தப் பொணம். மாலைய அங்கன கொக்கியில மாட்டிட்டு உக்காருங்க, காப்பி சாப்பிடுவோம்."

செருப்பு மாட்டும்போது

போர்மேன் காபி குடிக்கவில்லை. உள்ளே பாயில் சுருண்டு கிடந்த அப்பாவைப் பார்த்தார். வாடையே மிச்சத்தைச் சொல்லிவிட்டது. மருந்து அறையில் ஒருத்தர் கை நடுங்கினால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே போர்மேன் அம்மாவிடம் சொன்னார்: "இன்னொரு பொய் லீவு வந்துச்சுன்னா அவனுக்கு வேலை கிடையாதும்மா. அவன் ஒருத்தன் உசுருன்னா விட்டுருவேன், கூட நிக்கிறவுக உசுரும்லா இருக்கு."

ஒரு வரி போன்

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தேய்த்த சட்டையோடு ஒல்லியான ஒருவர் பூத்துக்கு வருவார். ஒரே நம்பர், ஒரே வரி: "அண்ணாச்சி, இன்னைக்கும் இல்ல." வைத்துவிடுவார். பெண் பார்க்கிறார், அமையவில்லை போல என்று நானும் பக்கத்து ஜெராக்ஸ் கடை அக்காவும் முடிவு கட்டிவிட்டோம். அவர் தலை மறைந்ததும் நான் அதே குரலில் சொல்லிக் காட்ட, அக்கா மிஷின் மேல் விழுந்து சிரிப்பாள்.

ஒருநாள் எதிர்முனையில் யாரும் எடுக்கவில்லை. நாலு தடவை போட்டுப் பார்த்தார். தேய்த்த சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. வெளியே வந்தவர் போகவும் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த சாராயக் கடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடையைப் பார்த்தார். கடைசியில் என் மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பாப்பா, அண்ணாச்சி போனை எடுக்கல. நீயாவது கேட்டுக்க: நான் இன்னைக்கும் குடிக்கல."

மானம் போகாத ஊர்

மறுநாள் அவரிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் வாரம் ஒருநாள் கூடிப் பேசுகிறார்களாம். பெயர்கூடக் கேட்க மாட்டார்களாம். அண்ணாச்சி அங்கே அவருக்கு முன்னால் குடியை விட்டவராம். சிவகாசியிலும் உண்டு, விருதுநகரில் ஒரு டியூசன் சென்டரிலும் உண்டு. வீட்டில் சொன்னதும் மூன்று நாள் முறைத்துவிட்டு அப்பா இறங்கி வந்தார். "இங்கன வேணாம்த்தா, தெரிஞ்சவன் பாத்தா மானம் போயிரும். விருதுநகருக்கே போவோம்." ஆனைக்குட்டம் ரோட்டில் விழுந்து கிடந்தபோது போகாத மானம்! சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில், அம்மாவோடும் என்னோடும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். டியூசன் சென்டர் வாசலில் டீ டம்ளரை நீட்டியவரைப் பார்த்ததும் துண்டு நழுவியது. கம்பெனி வேன் டிரைவர்! அவர் சிரிக்கக்கூட இல்லை. "வாங்கண்ணே. வேன்ல உங்க வாடைய ஒரு வருசமா மோந்துக்கிட்டுதான் வாரேன், இன்னுமா இங்கன காணோம்னு இருந்துச்சு."

கீழாநெல்லி

குடும்பத்தாருக்குப் பக்கத்து அறை. என்னையும் பேசச் சொன்னார்கள். விடுவேனா? அத்தை, கம்பவுண்டர், போர்மேன் எல்லாரையும் இறக்கினேன். அறையே குலுங்கியது. அம்மாகூடச் சிரித்தாள், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. மல்லாங்கிணற்றிலிருந்து வந்த ஒரு அக்கா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள். அது சிரித்த கண்ணீரா, மற்றதா என்று தெரியவில்லை. "நானும் எங்க வீட்டுக்காரருக்கு மஞ்சக்காமாலைன்னே சொல்லிட்டுத் திரிஞ்சேன்த்தா. ஊரே கீழாநெல்லி கொண்டாந்து குடுத்துச்சு. பொய் சொன்னதும் நானு, அந்தக் கசப்பைக் குடிச்சதும் நானு, அவுகளுக்கு ஒண்ணுமே உறைக்கல."

திங்கட்கிழமை

மூன்றாவது வாரம் அப்பா சறுக்கி மறுபடி குடித்துவிட்டார். திங்கட்கிழமை காலையில் சிவந்த கண்ணோடு பூத்துக்கே வந்துவிட்டார். "ஏத்தா, ஒரே ஒரு தடவை. அத்தை குரல்ல பேசிரு." நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டேன். நம்பரைப் போட்டேன், மணி அடித்ததும் ரிசீவரை அவர் காதில் வைத்துவிட்டு நகர்ந்தேன். வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அப்பா தொண்டையைச் செருமினார். "சார், வேலுச்சாமி பேசுறேன். நேத்துக் குடிச்சுட்டேன் சார். வாடை போகல, கை நிக்கல. மருந்துகிட்ட வரக் கூடாது. நாளைக்கு வாரேன்." மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு போர்மேன் போட்ட சத்தம் சாத்தாத கதவைத் தாண்டி எனக்கே கேட்டது: "இத்தனை வருசத்துல நீ கேட்ட மொத நெசமான லீவு இதுதான்யா! நாளைக்கு வா, வாயை ஊதிக் காட்டிட்டு உள்ள போ."

ஊரில் உள்ள எல்லார் குரலும் இன்னும் எனக்கு வரும். அப்பா குரலை மட்டும் அவரிடமே விட்டுவிட்டேன், எட்டு மாதமாகத் திங்கட்கிழமைகளில் அதற்கும் லீவு கேட்கிற வேலை வரவில்லை.